ஓடையில் செய்த சில திருத்தங்கள்

இந்த அப்டேட்டில் எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகியிருக்கின்றன. இனிமேல் கண்ணாடியைத் தேடாமலே தலைப்புகளையாவது வாசிக்கலாம். பக்கத்தின் வெள்ளைப் பின்னணி கண்ணைக் குத்துகிறது என்று வால்தம்ஸ்டோவிலிருந்து ஒருவர் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார், அதை இளமஞ்சளாக்கிவிட்டேன். மரண அறிவித்தல்களுக்கு மேலே ஒரு குத்துவிளக்கு ஆடி ஆடி எரிந்துகொண்டிருக்கும். நான் ஆசைப்பட்டுச் செய்தது. உங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதை அணைத்துவிட்டேன்.

மாதாமாதம் இந்த ‘என்ன புதிது’ பகுதியை எழுதுகிறவன் நான்தான். பெயர் கிருஷாந். இதை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று காட்டும் வசதியையும் நானே எழுதினேன். அது பெரும்பாலும் இரண்டு என்று காட்டும். ஒருவர் நான், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கத் திறப்பது. மற்றவர் இங்கே லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கனகலிங்கம் அண்ணை. இன்றைக்கு அவர் வாசிக்க மாட்டார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, அப்படி யாராவது இருந்தால், ஒரு விளக்கம். ஓடை ஒரு இணையப் பக்கம். செய்தித் தளங்கள், மரண அறிவித்தல் தளங்கள், கோயில்கள், ஊர்ச் சங்கங்கள், தனி ஆட்கள் எழுதும் பக்கங்கள் என்று எல்லாவற்றிலும் புதிதாக வருவதை அது தானே எடுத்துவந்து ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும். இதைவிட நல்ல ஓடைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. இந்த வசனத்தை நான் ஆட்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு, யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில். மறுத்தவர் கனகலிங்கம் அண்ணை ஒருவர்தான்.

இதைச் செய்யச் சொன்னவரும் அவர்தான். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணத்துக்கு வீடு தேடி வந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்ட விதம் சரியில்லை என்றாலே போக மாட்டோம். செத்த வீட்டுக்கு ஒருவரும் ஒருவரையும் கூப்பிடுவதில்லை. கேள்விப்பட்டவர் தானாக வந்து நிற்க வேண்டும். இப்போது அறிவித்தலை இணையத்தில் போட்டுவிட்டால் உலகத்துக்கே சொன்ன கணக்கு. அதற்குப் பிறகும் வராதவரை, பாவம், தெரியாமல் இருந்திருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை. வர மனமில்லாதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். கதைபேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

கனகலிங்கம் அண்ணைக்கு அது நடந்தது. அவருக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு அண்ணன் குலசேகரம், கனடாவில் ஸ்காபரோவில் இருந்தவர். அந்த அண்ணனின் மனைவி இறந்தபோது அறிவித்தல் வந்தது இவர் பார்க்காத ஒரு தளத்தில். இவர் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டு, பதறிப் போய் ரெலிபோன் எடுத்தார். அண்ணனின் மகள் மேனுஷா எடுத்து, அப்பா கதைக்க மாட்டாராம் சித்தப்பா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

அடுத்த நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, இனி ஒரு செத்த வீடும் எனக்குத் தெரியாமல் போகக்கூடாது. உம்மடை கொம்பியூட்டராலை ஏதும் செய்ய ஏலுமோ?”

ஏலும் என்றேன். அப்படித்தான் ஓடை வந்தது.

நான் வேலை செய்வது ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில். அங்கே நான் செய்வது சரியாக நடந்தால் என்னை ஒருவருக்கும் தெரியாது. பிழைத்தால் மட்டும் எல்லோருக்கும் என் பெயர் தெரியும். கனகலிங்கம் அண்ணை என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் “ஓடையைச் செய்தவர் இவர்தான்” என்று காட்டினார். என் கலியாணத்தில்கூட என்னை அப்படி யாரும் காட்டவில்லை. ஐயர் பொருட்படுத்தவில்லை. எனக்கு அது பரவாயில்லாமல் இருந்தது.

ஒவ்வொரு அப்டேட்டையும் முதலில் சோதிப்பவர் அவர். பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றின் கவுண்டரில் வாழ்நாள் முழுக்க நின்றவர். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவருக்குக் கண்டிப்பான அபிப்பிராயங்கள் உண்டு. இணையம் என்றால் அவருக்கு ஓடைதான். வேறு எதையும் திறக்க மாட்டார். ஓடையில் இல்லாதது நடக்கவில்லை என்று நம்புவார். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

மனைவி போன பிறகு குலசேகரம் ஒரு பக்கம் தொடங்கித் தினமும் நாலு வரி எழுதினார். குளிர், பஸ், தக்காளிக் கன்று, தக்காளியைக் கடித்துவிட்டுப் போன அணில், தமிழ் ரேடியோக்காரரின் உச்சரிப்பு. கனகலிங்கம் அண்ணை அதைக் கண்டுபிடித்து ஓடையில் சேர்க்கச் சொன்னார். பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் இன்றைக்குக் காலையில் என்ன செய்தார் என்று தம்பிக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்தது. கீழே ஒரு வார்த்தை எழுதலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். “அவர் கூப்பிடட்டும், அந்த நிமிசமே போறன்” என்றார். அண்ணன் தன் பக்கத்தில் ஒரு தம்பி இருப்பதாகவே காட்டிக்கொண்டதில்லை.

இனி அப்டேட்டுகளுக்கு வருகிறேன். போன செப்டெம்பரில் நான் ‘இரட்டிப்பு நீக்கம்’ என்று ஒன்றைச் சேர்த்தேன். ஒரே மரண அறிவித்தல் மூன்று நாலு தளங்களில் வரும். ஒரே முகத்தை ஒரே காலையில் நாலு தடவை பார்க்க மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். நியாயமான வேண்டுகோள். இரண்டு அறிவித்தல்களின் சொற்கள் பெரும்பாலும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை ஓடை மறைத்துவிடும். சின்ன வேலைதான். அன்றைய ‘என்ன புதிது’ குறிப்பில் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன்.

நான் யோசிக்காதது ஒன்று. எங்கள் அறிவித்தல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், பாசமிகு தந்தை, மாமனார், பாட்டனார், சகோதரர், மைத்துனர் என்று முழுக் குடும்பமும் வரிசையில் வந்து நிற்கும். செப்டெம்பர் தொடக்கத்தில் குலசேகரத்தின் மனைவியின் ஆண்டு நினைவஞ்சலி வந்தது. அடுத்த வாரம் குலசேகரமே மாரடைப்பில் இறந்தார். ஒரே ஊர், ஒரே வீடு, அதே பிள்ளைகள், அதே பேரப்பிள்ளைகள். இரண்டும் ஒன்றுதான் என்று என்னுடைய புரோகிராம் முடிவு செய்து, இரண்டாவதை மறைத்துவிட்டது.

இரண்டு கிழமை கழித்து, வேறு ஒருவரின் அறிவித்தலும் காணாமல் போனதாக யாரோ எழுதிய பிறகுதான், மறைக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கோட்டும் டையும் போட்ட ஒரு பெரியவர். கனகலிங்கம் அண்ணையின் புருவம் அப்படியே. பிறகு இரண்டு அறிவித்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பழக்க தோஷம். மனைவியின் நினைவஞ்சலியில் கனகலிங்கம் என்ற பெயர் இல்லை. செத்த வீட்டுக்கு வராதவரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். குலசேகரத்தின் அறிவித்தலில் அது இருந்தது. ‘கனகலிங்கம் (லண்டன்) அவர்களின் அன்புச் சகோதரரும்’ என்று. போகும்போது அண்ணன் சொல்லிவிட்டுப் போனாரோ, மேனுஷா தானாகச் சேர்த்தாளோ தெரியாது. பெயரைத் திரும்பச் சேர்ப்பது என்றால் எங்களுக்குள் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்னுடைய புரோகிராம் அந்தப் பெயரைப் பொருட்படுத்தத் தேவையில்லாத வித்தியாசம் என்று கணக்கிட்டிருந்தது.

என் மனைவி விதுஷாவிடம் சொன்னேன். அவள் சமையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ. அந்தியேட்டிக்கு இன்னும் நாள் இருக்கு. அந்த மனிசன் போய்ச் சேரட்டும்” என்றாள். நான் சேர்ட் மாற்றிக்கொண்டு போனேன். கனகலிங்கம் அண்ணை கதவைத் திறந்த உடனேயே, இரட்டிப்பு நீக்கம் திறமான வேலை, இப்போதுதான் பக்கம் துப்புரவாக இருக்கிறது என்று தொடங்கிவிட்டார். பால் விடாத பிளேன்ரீ தந்தார். ஒரு மணித்தியாலம் பாராட்டினார். நான் வீட்டுக்கு வந்து, சொல்லிவிட்டேன் என்று விதுஷாவிடம் சொன்னேன். அழுதாரோ என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். பயணம் செய்ய அவருக்கு உடம்பு ஏலாதாம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கோழை என்று முடிவு கட்டியிருப்பீர்கள். சரி. ஆனால் அன்றைக்கு எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. செத்த வீடு முடிந்துவிட்டது. இனிச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். எழுபது தாண்டிய தனி மனிதர், பிரஷருக்குக் குளிசை எடுப்பவர். தாங்குவாரா? அவருடைய நன்மைக்காகத்தான் அந்த அறிவித்தலை அவருடைய கணக்கில் மட்டும் மறைத்து வைத்தேன். மற்ற எல்லோருக்கும் பிழையைத் திருத்திவிட்டேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு கிழமையில் முறைப்பாடு வந்தது. “தம்பி, அண்ணை கனநாளாய் ஒண்டும் எழுதேல்லை. உம்மடை சாமான் பழுதோ? ஒருக்காப் பாரும்.” சேர்வரில் ஏதோ சிக்கல் என்றேன். உண்மையில் குலசேகரத்தின் பக்கத்தில் ஒரு புதிய பதிவு வந்திருந்தது, மேனுஷா எழுதியது. அப்பா இனி எழுத மாட்டார், இவ்வளவு நாளும் வாசித்த எல்லோருக்கும் நன்றி என்று இரண்டு வரி. அதையும் நான் அவருடைய கணக்கில் எடுத்துவிட்டிருந்தேன். ஓடைக்குப் பழுது என்ற பெயர் வரக்கூடாது என்பது மட்டும் எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. அன்றைக்குப் பின்னேரம் ஸ்காபரோவின் காலநிலையைத் தேடிப் பார்த்தேன். பிறகு குலசேகரத்தின் பெயரில், இவருடைய கணக்கில் மட்டும் தெரியும்படி எழுதினேன்: ‘நாலைந்து நாளாக உடம்புக்குச் சரியில்லை. இன்று பரவாயில்லை. கடைசித் தக்காளியையும் அணில் கொண்டுபோய்விட்டது.’

அவர் சந்தோசமாக மெசேஜ் அனுப்பினார். சிக்கல் தீர்ந்துவிட்டதாம்.

இளம் வயதில் நான் கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியவன். அவை போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். இப்போது எனக்கு ஒரு வாசகர் கிடைத்திருந்தார், தினமும் காத்திருந்து வாசிக்கிறவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பனிக் கந்தோரில் இருந்து எழுதினேன். ஒரு நாளும் தவறவில்லை. வெப்பநிலையைச் சரியாகப் போட்டேன். பொய் எழுதுகிறவன் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். ‘இன்று மைனஸ் எட்டு. பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசர் என் வாசல் பனியையும் தள்ளிவிட்டார். நன்றி சொன்னேன். காதில் எதையோ மாட்டியிருந்தார், கேட்கவில்லை.’ போர்த்துக்கீசர் என் கற்பனை. கனகலிங்கம் அண்ணைக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போனது.

தை மாதம் போல அவர் சொன்னார், அண்ணை முந்தியைவிட இப்போது திறமாக எழுதுகிறார் என்று. எனக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் படவில்லை. இறந்த மனிதரைவிட நான் நன்றாக எழுதுகிறேன் என்று ஒருவர் தெரியாமல் சொன்ன சொல்லுக்காக ஒரு ஆள் இவ்வளவு சந்தோசப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பட்டேன்.

ஊர் வாயை மூட முடியுமா என்று யோசிப்பீர்கள். ஒரு தடவை கிட்டத்தட்ட அகப்பட்டேன். ஒரு சனிக்கிழமை டூட்டிங்கில் மரக்கறிக் கடையில் நாங்கள் இருவரும் நின்றபோது, முன்பு எங்கள் தெருவில் இருந்த றோஸ்மலர் அக்கா வந்தார். குரலைத் தாழ்த்தி, “உங்கடை அண்ணையின்ரை விசயம் பாத்தனாங்கள். எங்களுக்குச் சரியான கவலை” என்றார்.

கனகலிங்கம் அண்ணை சண்டையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தார். “அது பழைய கதை, பிள்ளை. அவர் அங்கை, நான் இஞ்சை. அதை இனிக் கதைச்சு என்ன” என்றுவிட்டு முருங்கைக்காய் தெரிவு செய்யத் தொடங்கினார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்து, முற்றலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். கூடப்பிறந்தவன் செத்ததற்கு இந்த மனிதன் முருங்கைக்காய் பொறுக்குகிறான் என்று அது எல்லா இடமும் போயிருக்கும். பிறகு கோயிலில் அவருக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்பது குறைந்தது. இரண்டு மூன்று வீடுகளில் இருந்து வழக்கமாக வரும் சித்திரை வருசப் பலகாரம் வரவில்லை. அவருக்குக் காரணம் விளங்கவில்லை. “சனம் முந்தி மாதிரிக் கதைக்குதில்லைத் தம்பி. எல்லாருக்கும் வயது போகுதாக்கும்” என்றார். ஓடையில் அவர் இருக்கும் நேரம் இரட்டிப்பானது. அதை நான் ஒரு நல்ல அறிகுறியாகவே பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவருக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். அறிவித்தலில் அவருடைய பெயர் வந்திருந்தது அல்லவா. அந்தச் சந்தோசம் அவருக்குச் சேர வேண்டியது, நான்தான் இடையில் நிற்கிறேன். அதை வேறு விதமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். குலசேகரமாக இருந்து எழுதினேன்: ‘இன்று காலை ஏனோ தம்பியின் நினைவு. சின்ன வயதில் மழைக்குள் ஒரே குடைக்குள் பள்ளிக்கூடம் போவோம்; அவன் நனையாமல் இருக்க நான் நனைவேன் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவனுடைய தோள்தான் எப்போதும் ஈரமாக இருந்தது.’ குடை என் கற்பனை. யாருக்குத்தான் ஒரு குடை இருந்திருக்காது.

கனகலிங்கம் அண்ணை அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். போனை நீட்டி, வாசித்தனீரோ என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். “அந்தக் குடை அவருக்கு நினைவிருக்குத் தம்பி” என்றார். உண்மையிலேயே ஒரு குடை இருந்திருக்கிறது. விதுஷா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணனை நினைத்து இன்னும் அழுகிறாரே பாவம் என்று அவள் நினைத்தாள். அதுவும் ஒருவகையில் சரிதான்.

அன்றைக்கே அவர் கனடாவுக்குப் போக முடிவு செய்துவிட்டார். அண்ணன் கூப்பிட்டுவிட்டார் என்பது அவர் கணக்கு. நான் தடுக்காமல் இருக்கவில்லை. அண்ணனை வன்கூவருக்கு ஒரு சினேகிதர் வீட்டுக்கு அனுப்பினேன். கனகலிங்கம் அண்ணை அவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தார். அண்ணனுக்கு முழங்கால் வலியைக் கொடுத்து, ஆட்கள் வந்தால் எழும்பக்கூடக் கஷ்டம் என்று எழுதினேன். “அப்ப ஆர் அவருக்கு ஒரு சோறு கறி வச்சுக் குடுக்கிறது? நான் போகத்தான் வேணும்” என்று டிக்கட்டைப் போட்டுவிட்டார். நான் எதை எழுதினாலும் அது அவரைக் கிட்டக் கிட்ட இழுத்தது. நல்ல எழுத்து அப்படித்தான் செய்யும் என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். கனடா போவதற்கு ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் வந்தார். நான் நிரப்பிக் கொடுத்தேன். பயணத்தின் நோக்கம்: உறவினரைப் பார்த்தல்.

இன்று காலை ஹீத்ரோவுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். டை கட்டியிருந்தார். பின் சீற்றில் ஒரு பெரிய சுருள்: தக்காளிக்கு மேலே போடும் வலை, அணில் கடிக்க முடியாத வகை. பழைய வலையை அணில் கடித்துப் போட்டது என்று சித்திரை மாதம் நான் எழுதியிருந்தேன். அதற்காகக் கடை கடையாக ஏறி, பலமானதாகப் பார்த்து வாங்கியிருந்தார். அதை வேறு பொதியோடு சேர்க்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு போக ஏலுமோ என்று கேட்டார்.

கிங்ஸ்டன் பாலம் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். பாலத்தில் வீதி வேலை. ட்ராஃபிக்கில் அவர் தன் போனில் இன்றைய பதிவைச் சத்தமாக வாசித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். நேற்று மதியம் நான் எழுதியது. ஓர் இடத்தில் ஒரு சொல் இரண்டு தரம் வந்திருந்தது. அதைத் திருத்தவில்லையே என்று கவலையாக இருந்தது. கார் தரிப்பிடத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு வரிசையில். வரிசையில் நின்றபோது அவர், நான் வருவதை ஸ்காபரோவில் ஒருவருக்கும் சொல்லவில்லை, பெல் அடித்துவிட்டு நிற்கப்போகிறேன், துரத்தினால் துரத்தட்டும் என்றார். அவர் பயப்படுகிறார் என்று தெரிந்தது.

உள்ளே போகும் இடத்தில் என் கையைப் பிடித்தார். “உம்மாலைதான் தம்பி எனக்கு அண்ணை திரும்பக் கிடைச்சவர்” என்றார்.

“பாஸ்போர்ட்டைக் கையிலேயே வச்சிருங்கோ” என்றேன்.

இதை எழுதும் இந்த நேரம் அவர் அட்லாண்டிக்குக்கு மேலே இருக்கிறார். லண்டன் நேரம் இரவு அவர் அந்த வாசலில் நிற்பார், வலையோடு. மேனுஷா திறப்பாள். அவள் நல்ல பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு செத்த வீட்டுக்கும் வராமல், இவ்வளவு மாதம் கழித்து வந்து நின்று, சிரித்துக்கொண்டு, அண்ணை எங்கை என்று கேட்கும் சித்தப்பாவை அவள் என்ன செய்வாள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆகவே சுருக்கமாக: ஒருவருடைய அண்ணன் இறந்த செய்தியை அவரிடமிருந்து மறைத்தேன். முதலில் பிழையாக, பிறகு தெரிந்துகொண்டே. அண்ணன் அவரை மன்னித்ததையும் மறைத்தேன். செத்தவரின் பெயரில் எட்டு மாதமாக எழுதினேன். ஊர் அவரை ஒதுக்கியபோது பக்கத்தில் நின்று வெண்டிக்காய் முறித்தேன். இவையெல்லாம் ஓடையின் பாவனையாளர் ஒருவருக்கு நடந்தவை என்பதால் மற்றப் பாவனையாளர்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். ஒளித்து மறைத்து நடத்தும் தளம் இது அல்ல. மரண அறிவித்தல்களுக்கு இரட்டிப்பு நீக்கம் இன்றிலிருந்து வேலை செய்யாது. ஒரே முகம் நாலு தடவை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனகலிங்கம் அண்ணையின் கணக்கில் மட்டும் இந்தக் குறிப்பு தெரியாதபடி செய்திருக்கிறேன். பயணத்தில் இருக்கும் மனிதர், வீணாக மனம் நோகக்கூடாது. அவருக்கு நாளைக் காலை வேறொரு பதிவு வரும், எழுதி வைத்துவிட்டேன். ‘தம்பி வந்து சேர்ந்தான். வலை பாத்திக்கு அளவாக இருக்கிறது’ என்று தொடங்குகிறது. இதுவரை எழுதியவற்றில் அதுதான் நன்றாக வந்திருக்கிறது.